மஞ்சள் மீட்டரை நம்பிக் கைவைத்தவர்கள்

ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் யாரும் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. நன்றாகப் பாடுகிற ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னைக்கு அருமையாப் பாடுச்சு, ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவமேன்னு வந்தேன்" என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் கடை போட்டேன். முதலில் ரேடியோ, டேப் ரிக்கார்டர், பிறகு டி.வி., ஸ்டெபிலைசர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலையில் பஸ் ஏறிப் போவேன், சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு காரியங்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தன. என் மனைவி எஸ்தர் நர்ஸ் வேலைக்குச் சவுதி போனாள். எங்கள் பக்கத்துக்கு மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர் வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அடுத்த சில வருடங்கள் நான் அதிகமாக முகம் பார்த்தது அந்த மீட்டரைத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அலமாரியில், ரப்பர் பேண்டு போட்டு, ஒரு வயர் மட்டும் தொங்கிக்கொண்டு. இருந்தால் நீங்கள் என் ஆள். மேலே படியுங்கள்.

மூன்றாவது கை

முதல் மஞ்சள் மீட்டரை மதுரையில் சாமான் வாங்கப் போன இடத்தில் வாங்கினேன். அதுவரை என்னிடம் இருந்தது முள் மீட்டர். கறுப்பாக, கனமாக, கண்ணாடிக்குள் முள் ஆடும். இது கையில் எடுத்தால் எடையே இல்லை. மேசையில் வைத்து நடுவில் இருக்கிற குமிழைத் திருப்பினால் குமிழோடு பெட்டியும் சேர்ந்து திரும்பியது. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கைகளால் இரண்டு வயர்களைப் பிடிக்க வேண்டும். கடையில் தனியாக இருக்கிறவனுக்கு அந்த மூன்றாவது கை எங்கிருந்து வரும் என்று செய்தவர்கள் யோசிக்கவில்லை.

பக்கத்துக் கடை சுப்பராஜா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். புது மீட்டரைப் பார்க்க டீ கிளாசோடு வந்தார். "திற, உள்ள என்னதான் இருக்கு பாப்போம்" என்றார். பின்னால் இருந்த இரண்டு திருகைக் கழற்றினேன். ஒரு திருகு பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவில் தார் சொட்டினதுபோல ஒரு கறுப்புப் பொட்டு, ஓரத்தில் ஒரு சின்ன பேட்டரி. மற்றதெல்லாம் வெறும் இடம். சுப்பராஜா டீயைக் குடித்து முடிக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமப்பா தாசு, வெளிய பாத்தா வீடு மாதிரி இருக்கு. உள்ள ஒருத்தரும் குடியில்லையே."

லைன்மேன் கண்டுபிடித்த வியாதி

ஜவுளிக்கடை சண்முகவேல் அண்ணாச்சி புதிதாகக் கலர் டி.வி. வாங்கியிருந்தார். கூடவே, யாரோ சொன்னார்கள் என்று ஒரு மஞ்சள் மீட்டரும் வாங்கினார். பிளக்கில் செருகிப் பார்த்தால் இருநூற்று எண்பத்தைந்து வோல்ட். பயந்துபோய் டி.வி.யைத் துணி போட்டு மூடிவிட்டார். எட்டு நாளாகப் பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்தன. என்னைக் கூப்பிட்டார். என் மீட்டரும் இருநூற்று எண்பது என்றது. இரண்டு சாட்சி ஆகிவிட்டதே என்று நானே மின்சார ஆபீசுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன்.

லைன்மேன் வந்தார். மெதுவாகக் கம்பத்தில் ஏறினார், மெதுவாக இறங்கினார், தன்னுடைய பழைய முள் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று இருபத்தைந்து. பிறகு எங்கள் இரண்டு மீட்டரின் முதுகையும் திறந்து, ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். சுரீர் என்று இருக்க வேண்டியது, சும்மா புளித்ததாம். மீட்டரோடு இனாமாக வந்த பேட்டரி. அது தளர்ந்தால் இந்த மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். எனக்கு அன்றுதான் தெரியும். மறைவாகச் சொல்லியிருக்கலாம். கடையில் சேலை எடுக்க வந்தவர்கள் பத்துப் பேர் முன்னால் சொன்னார்.

"எங்க லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஒங்க மீட்டருக்குத்தான் பசி, பசியில ஒளறுது."

கட்டைவிரல்

இந்த மீட்டர்களில் எண் காட்டுகிற கண்ணாடி, உள்ளே இருக்கிற பச்சைப் பலகையோடு ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர்ப் பட்டை, அதை அழுத்திப் பிடிக்க நான்கு பிளாஸ்டிக் கொக்கி. ஒரு கொக்கி உடைந்தால் எண்ணில் ஒரு கோடு காணாமல் போகும். எட்டு சைபராகும். போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் ஃபிளாஷ் பேட்டரியை அளந்து, நன்றாக இருந்ததையே செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். சிகரெட் அட்டையை மடித்து உள்ளே சொருகிக் கண்ணாடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எட்டு முழுசாக வந்தது. விரலை எடுத்தேன், போய்விட்டது. அழுத்தினேன், வந்தது.

"அண்ணே, விரலை எடுக்காதிய, நீங்க புடிச்சிருந்தாத்தான் அது நெசம் பேசுது."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் மற்றவர்கள் ஏமாந்ததை மட்டும் எழுதினால் அது நியாயம் இல்லை.

வன்னியம்பட்டியில் முனியசாமி என்று ஒரு மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் பம்புசெட் வேலையெல்லாம் அவர்தான். வாரம் ஒருமுறை ராஜபாளையம் வந்தால் என் கடையில் உட்காராமல் போக மாட்டார். பேச்சு பெரும்பாலும் அவருடையது; நான் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். எஸ்தர் போன பிறகு நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நாள், "எனக்கும் அந்த மஞ்சளு ஒண்ணு வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார். வாங்கி வந்தேன். கொடுப்பதற்கு முன் பிளக்கில் வைத்துப் பார்த்தபோது எண் ஒரு தடவை சைபருக்கு விழுந்து திரும்ப வந்தது. பேட்டரி கிளிப் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அழுத்திவிட்டேன். சரியாக இருந்தது. கொடுத்தேன்.

பேட்டரி கிளிப் இல்லை. கறுப்பு வயர், கைப்பிடியோடு சேருகிற கழுத்துக்குப் பக்கத்தில், மேல் தோல் அப்படியே இருக்க உள்ளே அறுந்திருந்தது. இந்த மீட்டரின் வயர்கள் எல்லாமே அப்படித்தான், உள்ளே நாலைந்து இழைதான் ஓடும். பத்து நாள் கழித்து ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்று முனியசாமி ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்திருக்கிறார். மீட்டரை வைத்திருக்கிறார். சைபர். கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்துத் திருகை முடுக்கக் கைவைத்திருக்கிறார். தூக்கி எறிந்ததில் கிணற்றுப் பக்கம் விழாமல் வரப்புப் பக்கம் விழுந்தார். அதனால் ஆள் இருக்கிறார்.

சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். "தாசண்ணாச்சி மீட்டரு பொய் சொல்லாதுன்னுதான் கைய வச்சாராம்" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு வீட்டில் ஆள் இல்லை. எஸ்தருக்குக் கடிதம் எழுதினேன். அவள் பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் முனியசாமி வீடு திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு வன்னியம்பட்டி போவேன். முதல் வாரம் மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் வாரம் அவர் மனைவி எனக்காகக் கோழி அடித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் சொல்லிவிட்டேன். எண் விழுந்து எழுந்ததைப் பார்த்தேன், பார்த்தும் கொடுத்தேன் என்றேன். அவர் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதைச் சொல்லத்தான் மூணு ஞாயித்துக்கெழமையும் வந்தியளா அண்ணாச்சி. நான் எம்மேல உள்ள பிரியத்துல வாரியன்னுல்ல நெனச்சேன்."

வயரும் வார்த்தையும்

முனியசாமி அதன்பிறகு கடைக்கு வரவில்லை. இடது கையால் வேலை பழகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எஸ்தரின் பதில் வந்தபோது கட்டுப் பிரித்து நாளாகியிருந்தது. புண்ணை எப்படிக் கழுவ வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் கடைக்கு வருகிற மஞ்சள் மீட்டர் எதுவானாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த நூல் வயரை வெட்டிவிட்டுத் தடித்த வயர் சால்டர் செய்து கொடுப்பேன். கூடவே ஒரு பிரசங்கம்: கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பார், பிறகு சந்தேகப்பட்ட இடத்தில் வை, பிறகு மறுபடியும் தெரிந்த இடத்தில் வை. முதலிலும் கடைசியிலும் எண் வந்து, நடுவில் சைபர் வந்தால்தான் கை. மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த ஒரு தம்பி இதை மூன்று தடவை என்னிடம் கேட்டிருக்கிறான். நாலாவது தடவை நான் வாயைத் திறந்ததும் மீட்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"வயரை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, மத்ததை நான் ஒங்களுக்குச் சொல்லுதேன், நீங்க கேளுங்க."

பல்பு இல்லாத அறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் ரங்கநாதன் சார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் பம்பாயில். ஒரு காலை, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்து, "ஆத்துல ஒரு ரூம்ல சுவிட்சை அணைச்சாலும் கரண்ட் வர்றது" என்றார். போனேன். மகனுடைய அறை. பல்பைக் கழற்றிக் கூடத்தில் போட்டிருந்தார். வெறும் ஹோல்டர் தொங்கியது. சுவிட்சை அணைத்து, அவருடைய மஞ்சள் மீட்டரை ஹோல்டரில் வைத்துக் காட்டினார். முப்பத்திரண்டு வோல்ட்.

ஒரு பல்பைக் கொண்டுவரச் சொல்லி ஹோல்டரில் மாட்டினேன். எரியவில்லை. மீட்டரும் சைபருக்கு இறங்கியது. விளக்கினேன்: பக்கத்தில் ஓடுகிற வயரின் சாயல் இதில் விழுகிறது, இது வேலை செய்கிற கரண்ட் இல்லை, ஒரு பல்பு கேட்டால் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது, இந்த மீட்டர் எதுவும் கேட்காமல் எட்டிப் பார்ப்பதால் இருப்பதுபோலத் தெரிகிறது. கவனமாகக் கேட்டார். காபி கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி வந்து கூப்பிட்டார். இன்றைக்கு முப்பத்தைந்து. போனேன், காபி குடித்தேன். அதற்கடுத்த வாரமும். எனக்கும் காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருந்தது. கடையை நேரத்துக்குத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நான்காவது தடவை, "சார், அந்தப் பல்பை அங்கேயே மாட்டிவிடுங்கள், எண் வராது" என்றேன். அவர் மீட்டரின் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டே சொன்னார்.

"இல்லாததைக் காட்டறதுன்னு நீங்க சொல்றேள், சரி. அந்த ரூம்ல ஏதோ ஒண்ணு இருக்குன்னு காட்டறதே, அது போறும் நேக்கு."

பல்பை மாட்டாமல் வந்தேன்.

சிவப்பு மீட்டர்

எஸ்தர் போனது இரண்டு வருடத்துக்கு. அது நான்காகி ஐந்தானது. ஊருக்கு வந்த ஒரு நர்சின் தம்பி மூலமாக ஒரு பார்சல் அனுப்பினாள். பிரித்தேன். டிஜிட்டல் மீட்டர். சிவப்பு நிறம், தோல் மாதிரி ஒரு உறை. "கடைக்காரர் ஜப்பான் என்று சொன்னார். இனிமேல் யாருக்கும் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து முதுகைத் திறந்தேன். அதே பச்சைப் பலகை, அதே கறுப்புப் பொட்டு, அதே நூல் வயர். மதுரைச் சந்தில் குவித்துப் போட்டு விற்கிறதுதான். சட்டை மட்டும் சிவப்பு. முள் மீட்டரோடு ஒத்துப் பார்த்தேன். ஆறு வோல்ட் குறைவு. அவள் வெயிலில் கடை கடையாக ஏறி விசாரித்திருப்பாள். திருகை முடுக்கி மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் சுப்பராஜா கடை போனுக்குப் பேசுவாள். அவர் ரிசீவரைக் கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே போய் நிற்பார். பேச்சு குறைவு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் கடல் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். "மீட்டர் எப்படி இருக்கு?" என்றாள். "ரொம்பத் துல்லியம். நான் இப்படி ஒண்ணு பார்த்ததில்லை" என்றேன். இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தது.

"பொய் சொல்லுதிய. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு சாமானையும் நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது கெடையாது."

ஒரு டம்ளர்

ஏழாவது வருடம் எஸ்தர் வந்துவிட்டாள். இனிப் போவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நான் ஒரு நிமிடம் வேறு யாரையோ பார்த்துக் கை காட்டிவிட்டேன். கண்ணாடி போட்டிருந்தாள், முன்பக்கம் நரைத்திருந்தது. பெட்டியில் எனக்கு ஒரு மீட்டர் இருந்தது. இந்தத் தடவை கனமானது, ரப்பர் உறை போட்டது, கூட வேலை பார்த்த ஒரு டெக்னீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கியது. பிளக்கில் வைத்தேன். எண் வந்தது, ஆடாமல் நின்றது. வயரை முறுக்கிப் பார்த்தேன், கழுத்தை வளைத்துப் பார்த்தேன். நின்றது. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை எழுந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்து, டீ போட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, புது மீட்டரின் காகிதத்தைப் படித்துக்கொண்டே குடித்தேன். பாதி டம்ளர் காலியான பிறகுதான் வாசல்படியில் ஒரு நிழல் தெரிந்தது. எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள், காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு?"

ஆறு வோல்ட் பிசகுகிற மீட்டரைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் போதும். வீட்டில் ஒரு ஆள் கூடியிருப்பதை என் கை ஒத்துக்கொள்ள முழுசாக ஒரு மாதம் ஆயிற்று.